குறைமாதப் பிறப்பு: காரணங்களும் தடுப்பு முறைகளும்

ஒரு நாட்டின் சமூக முன்னேற்றத்தை அளந்தறியும் கோல்களுள் குழந்தை இறப்பு விகிதம் முதன்மையானது. இந்த அளவுகோலின்படி நம் நாட்டில் முன்வரிசையில் நிற்பது கேரளம். மாதிரிப் பதிவு முறையின் 2023ஆம் ஆண்டுக்கான அறிக்கைப்படி, உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுள் ஓராண்டு நிறைவதற்கு முன் இறந்தவர்கள் அகில இந்திய அளவில் 25 பேர். கேரளத்தில் 5 பேர். பெண் கல்வி, தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், ஊர்தோறும் பரவிய சுகாதார நிலையங்கள் ஆகியவை பல தலைமுறைகளாகச் சேர்ந்து அளித்த பயன் இது.

எனினும், இந்த வெற்றி ஒரு புதிய சிக்கலையும் முன்வைக்கிறது. வயிற்றுப்போக்கு, நிமோனியா, இசிவு நோய் போன்றவற்றால் நேர்ந்த இறப்புகள் குறையக் குறைய, எஞ்சி நிற்கும் இறப்புகளுள் பெரும்பகுதிக்குப் பிறவிக் குறைபாடுகளும் குறைமாதப் பிறப்புமே காரணங்களாகின்றன. முன்னைய நோய்களைத் தடுப்பூசியும் தூய குடிநீரும் வென்றன. குறைமாதப் பிறப்பை வெல்ல அத்தகைய ஒற்றை மருந்து எதுவும் இல்லை. கேரளம் இன்று எதிர்கொள்ளும் இந்தச் சிக்கலைப் பிற மாநிலங்களும் நாளை எதிர்கொள்ளும். ஆதலின், திருவனந்தபுரத்தின் பட்டறிவு நாடு முழுவதற்கும் பயன்படக்கூடியது.

வரையறை

கர்ப்ப காலம், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் எனக் கணக்கிடப்படுகிறது. நான்கு வாரங்களை ஒரு மாதமாகக் கொண்டால் இது சரியாகப் பத்து மாதம். தமிழ் மக்கள் 'பத்து மாதம் சுமந்து' என்று கூறும் வழக்கும் இக்கணக்குடன் பொருந்துகிறது. 37 வாரங்கள் நிறைவதற்கு முன் உயிருடன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. 28 வாரத்துக்கு முன் பிறப்பன மிகக் கடுமையான பிரிவு. 28 முதல் 32 வாரத்துக்குள் பிறப்பன அடுத்த பிரிவு. 32 முதல் 37 வாரத்துக்குள் பிறப்பன மூன்றாம் பிரிவு. பெரும்பாலான குறைமாதக் குழந்தைகள் இம்மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவையே.

எடை குறைந்த குழந்தை வேறு, குறைமாதக் குழந்தை வேறு என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். முற்காலத்தில் 2,500 கிராமுக்குக் குறைவான எடையுள்ள எல்லாக் குழந்தைகளையும் குறைமாதக் குழந்தைகள் என்றே கணக்கிட்டனர். நிறைமாதத்தில் பிறந்தும், கருப்பையில் போதிய ஊட்டம் கிட்டாமையால் எடை குறைந்த குழந்தைகளும் உண்டு என்பதால், 1961இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு இவ்விரண்டையும் பிரித்துக் காணப் பரிந்துரைத்தது. காரணம் வேறானால் தடுப்பு முறையும் வேறாகும்.

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. பிறக்கும் பத்துக் குழந்தைகளுள் ஏறக்குறைய ஒன்று என்பது இதன் பொருள். இவற்றுள் சுமார் 30 லட்சம், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், இந்தியாவில் பிறந்தவை.

திருவனந்தபுரத்தின் மருத்துவ மரபு

திருவனந்தபுரத்தில் மகப்பேற்று மருத்துவம் வேரூன்றியதில் தைக்காடு மகளிர் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சிறப்பிடம் உண்டு. இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று 1916இல் திரும்பிய டாக்டர் மேரி பூனென் லூக்கோஸ் இம்மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னர் 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலாக உயர்ந்தார். உள்ளூர் மருத்துவச்சியரின் பிள்ளைகளுக்கே முறையான பேறுகாலப் பயிற்சி அளிக்க அவர் ஏற்பாடு செய்தார். மரபுவழி மருத்துவச்சியரைப் பகைத்து ஒதுக்காமல், அவர்கள் குடும்பத்தைப் புதிய மருத்துவத்தின் பக்கம் ஈர்த்த இச்செயல் மக்களின் அச்சத்தைப் போக்க உதவியது.

1951இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதனைச் சார்ந்து 1952இல் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை அமைந்தது. 1944இல் ஆறு வயதில் மறைந்த திருவிதாங்கூர் அரச குடும்பத்துச் சிறுவரின் நினைவாகப் பெயரிடப்பட்ட இம்மருத்துவமனை, மக்களிடையே எஸ்.ஏ.டி. மருத்துவமனை என வழங்குகிறது. தென் கேரளத்தின் பிற மருத்துவமனைகளிலிருந்து சிக்கலான கர்ப்பிணிகள் இங்கு அனுப்பப்படுகின்றனர். அண்டையிலுள்ள கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் நோயாளிகள் வருவதுண்டு.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21) கேரளத்தில் 99.8 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. அகில இந்திய அளவில் இது 88.6 விழுக்காடு. தாயை மருத்துவமனைக்கு வரச்செய்யும் பணி இங்கு ஏறத்தாழ முடிந்துவிட்டது. அவ்வாறு வருபவர் உரிய மாதம் நிறைந்து வருகிறாரா என்பதே இனி எழும் வினா.

காரணங்கள்

குறைமாதப் பிறப்புகளை இரு வகைப்படுத்தலாம். வலி தானாகவே தொடங்குவதாலோ பனிக்குடம் முன்னரே உடைவதாலோ நிகழ்வன ஒரு வகை. தாய் அல்லது சேயின் உயிருக்கு ஆபத்து நேரும் என்று கருதி, மருத்துவர்களே பிரசவத்தை முன்கூட்டி நிகழ்த்துவது மற்றொரு வகை.

முதல் வகையில் தொற்று நோய்கள் முக்கிய இடம் பெறுகின்றன. சிறுநீர்த் தாரையிலும் பிறப்புறுப்பிலும் ஏற்படும் கிருமித் தொற்று, வெளித்தோற்றத்தில் அறிகுறி எதுவுமின்றியே இருந்து, கருப்பையைத் தூண்டி வலியைத் தொடங்கச் செய்யக்கூடும். இரட்டைக் குழந்தைகளால் கருப்பை அளவுக்கு மேல் விரிதல், கருப்பை வாய் குட்டையாகவோ வலுவின்றியோ இருத்தல், முன்னர் ஒரு முறை குறைமாதப் பிரசவம் நிகழ்ந்திருத்தல், இரு கர்ப்பங்களுக்கு இடையே போதிய இடைவெளியின்மை, இரத்தசோகை, மிக இளம் வயதிலோ வயது முதிர்ந்தோ கருவுறுதல், புகையிலை, அடுப்புப் புகை, இடைவிடாத கடும் உழைப்பு ஆகியவையும் வாய்ப்பை மிகுவிக்கின்றன.

இரண்டாம் வகையில் இரத்த அழுத்த நோய், நீரிழிவு, நச்சுக்கொடிக் கோளாறுகள், கருவின் வளர்ச்சிக் குறைவு ஆகியவை அடங்கும்.

கேரளத்தின் நிலை இங்கு தனியே நோக்கத்தக்கது. 20 முதல் 24 வயதுள்ள பெண்களுள் 18 வயதுக்கு முன் மணமானவர்கள் மேற்கூறிய ஆய்வின்படி நாட்டில் 23.3 விழுக்காடு, கேரளத்தில் 6.3 விழுக்காடு. கர்ப்பிணிகளுள் இரத்தசோகை உடையோர் நாட்டில் 52.2 விழுக்காடு, கேரளத்தில் 31.4 விழுக்காடு. வறுமையோடு தொடர்புடைய காரணங்கள் இவ்வாறு குறைந்து வரும் இடத்தில், வேறு காரணங்கள் முன்னுக்கு வருகின்றன. காலந்தாழ்த்திக் கருவுறுதல், உடற்பருமன், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கருத்தரிப்புச் சிகிச்சையால் உண்டாகும் இரட்டைக் கர்ப்பம் ஆகியவை இத்தகையன. அதே வேளையில் மாநில சராசரியை மட்டும் கண்டு மனநிறைவு கொள்வதும் தவறு. அகத்தியமலைச் சாரலின் பழங்குடிக் குடியிருப்புகளும், விழிஞ்ஞம், பூந்துறை போன்ற மீனவர் ஊர்களும் அடங்கிய மாவட்டம் திருவனந்தபுரம். பழைய காரணங்களும் புதிய காரணங்களும் ஒரே மாவட்டத்தில் அருகருகே நிலவக்கூடும் என்பதைத் திட்டமிடுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வளவு காரணங்கள் அறியப்பட்டும், தானாக வலி தொடங்கும் பிரசவங்களுள் பலவற்றுக்குத் தெளிவான காரணம் கண்டறிய இயலுவதில்லை. ஆகவே குறைமாதத்தில் பெற்ற தாயைக் குறை கூறுவது அறிவுடைமையும் அன்று, அறமும் அன்று.

கருவின் வயது என்னும் அடிப்படை

தடுப்பு முறைகள் அனைத்துக்கும் அடித்தளமாக அமைவது கருவின் வயதைச் சரியாக அறிதலாகும். இது எளிய செய்தியெனத் தோன்றினும், நடைமுறையில் பெரிதும் புறக்கணிக்கப்படுவது இதுவே. மாதவிலக்கு நாளை நினைவிற்கொள்ளாதோர் பலர். மாதவிலக்கு ஒழுங்காக வராதோரும் பலர். முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கப்படும் ஸ்கேன் கருவின் வயதை ஏறத்தாழ ஒரு வார வேறுபாட்டுக்குள் காட்டிவிடும். மாதம் ஏற ஏற இத்துல்லியம் குறையும். எட்டாம் மாதத்தில் முதன்முறையாக வரும் கர்ப்பிணியின் கரு சிறியதாக இருப்பின், அது வயதிற் குறைந்ததா, வளர்ச்சியிற் குறைந்ததா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இதனாலேயே.

இதன் இன்றியமையாமையை ஓர் ஆய்வு தெளிவாக உணர்த்தியது. கருவின் நுரையீரலை முதிரச் செய்யும் ஸ்டீராய்டு ஊசியின் பயனை நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ், ஹோவி என்னும் மருத்துவர்கள் 1972இல் நிறுவினர். அதன்பின் இவ்வூசியை ஊர்ப்புறங்களிலும் பரவலாக்கினால் பல உயிர்கள் காக்கப்படும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. பச்சிளங்குழந்தைகளின் மொத்த இறப்பு சற்றே கூடியும் காணப்பட்டது. ஊசி பெற்ற தாய்மாருள் பலர் குறைமாதத்தில் பிரசவிக்கவே இல்லை. பின்னர் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், ஸ்கேன் மூலம் கருவின் வயதை உறுதி செய்து, நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் நடத்தப்பட்ட ஆய்வு 2020இல் வெளியானது. அதில் அதே வகை மருந்து பச்சிளங்குழந்தை இறப்பைக் குறைத்தது. மருந்தின் பயன், அதனை உரிய தாய்க்கு, உரிய வாரத்தில், உரிய இடத்தில் அளிப்பதைப் பொறுத்திருக்கிறது என்பதே இவ்விரு ஆய்வுகளும் ஒருங்கே தரும் படிப்பினை.

தடுப்பு முறைகள்

தடுப்பு கருவுறுதலுக்கு முன்பே தொடங்குகிறது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் அவற்றைக் கட்டுக்குள் கொணர்ந்த பின் கருவுறுதல் நலம். கருத்தரிப்புச் சிகிச்சையில் ஒரே கருமுளையை மட்டும் கருப்பையில் வைப்பது இரட்டைக் கர்ப்பத்தைப் பெரிதும் தவிர்க்கும்.

கருவுற்றவுடன், முதல் மூன்று மாதங்களுக்குள் பதிவு செய்தல் அடுத்த படி. இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தவறாது ஆய்ந்து, தொற்று காணப்படின் உடனே மருத்துவம் செய்ய வேண்டும். இரத்தசோகையைத் தடுக்க 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அடங்கிய மாத்திரையை நான்காம் மாதம் முதல் நாள்தோறும் 180 நாட்களுக்கு உட்கொள்ள வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் நெறி. 2016 முதல் மாதந்தோறும் 9ஆம் நாளில் நடைபெற்றுவரும் பிரதமர் பாதுகாப்பான தாய்மைத் திட்ட முகாம்கள், சிக்கலுக்கு உள்ளாகக்கூடிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே இனங்காண உதவுகின்றன.

அவ்வாறு இனங்காணப்பட்டோருக்கு மருத்துவர் மேற்பார்வையில் சில தனி முறைகள் உள்ளன. கருப்பை வாய் குட்டையாக இருப்போருக்குப் புரோஜெஸ்டிரோன் மருந்தும், தக்க சிலருக்குக் கருப்பை வாயில் தையலும் பயன் தருகின்றன. குறைந்த அளவு ஆஸ்பிரின், கர்ப்பகால இரத்த அழுத்த நோய்க்கு வாய்ப்புள்ளோரைக் காக்கிறது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் முதற் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் பெற்றோருள் 11.6 விழுக்காட்டினரும், பெறாதோருள் 13.1 விழுக்காட்டினரும் குறைமாதத்தில் பிரசவித்தனர்.

மனித முடிவால் நிகழும் முன்கூட்டிய பிறப்பைத் தவிர்ப்பதும் தடுப்பின் ஒரு கூறேயாகும். 2019-21இல் கேரளத்தில் 38.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை முறையில் நிகழ்ந்தன. நாட்டின் சராசரி 21.5 விழுக்காடு. உயிர் காக்கும் அறுவைச் சிகிச்சை வேண்டற்பாலதே. ஆனால் நல்ல நாள், நட்சத்திரம் பார்த்தோ, வசதி கருதியோ நாள் குறிப்பது வேறு. மருத்துவக் காரணம் இல்லாதவிடத்து 39 வாரம் நிறைவதற்கு முன் அறுவைப் பிரசவம் செய்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் நேரும் வாய்ப்பு மிகும். கருவின் வயது தவறாகக் கணிக்கப்பட்டிருப்பின், நிறைமாதம் என எண்ணி எடுக்கப்படும் குழந்தை உண்மையில் குறைமாதக் குழந்தையாகவே இருக்கக்கூடும். இங்கும் அந்த அடிப்படைக் கணக்கே தேவைப்படுகிறது.

வலி தொடங்கிவிட்டால்

37 வாரத்துக்கு முன் விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, தொடர்ந்த இடுப்பு வலி, நீர் அல்லது இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிறந்தபின் குழந்தையை ஊர்தியில் ஏற்றி அனுப்புவதைவிட, பிறப்பதற்கு முன்பே தாயைப் பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அனுப்புவது மிகச் சிறந்தது. குழந்தையைக் கொண்டுசெல்லத் தாயின் கருப்பையைவிடப் பாதுகாப்பான ஊர்தி இல்லை. வலியைச் சிறிது காலம் தணிக்கும் மருந்தால் கிடைக்கும் ஓரிரு நாட்களில் இப்பயணமும் ஸ்டீராய்டு ஊசியும் முடிந்துவிட வேண்டும். தாய்க்குக் கடுந்தொற்று இல்லாதபோது, 24 முதல் 34 வாரத்துக்குள் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் 12 மணி நேரத்துக்கு ஒரு முறையாக நான்கு முறை அளிக்கப்படுகிறது. 32 வாரத்துக்கு முன் பிரசவம் நிகழும் நிலையில் மெக்னீசியம் சல்பேட் மருந்து குழந்தையின் மூளையைப் பாதுகாக்கிறது.

பிறந்த பின்

ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்னும் நம்பிக்கை பல நாடுகளிலும் பழங்காலம் முதலே நிலவி வந்துள்ளது. இது முற்றிலும் தவறு. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பை உயர்த்துகிறது.

குறைமாதக் குழந்தைக்கு வெப்பம், தாய்ப்பால், தூய்மை, மூச்சுக்கு உதவி ஆகிய நான்கும் உயிர்நாடி. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கப்பட்ட கங்காரு முறை, குழந்தையைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் சேர அணைத்து வைப்பதாகும். பற்றாக்குறையால் பிறந்த இம்முறை பின்னர் முதன்மைச் சிகிச்சையாகவே ஏற்கப்பட்டது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கியதால் முதல் 28 நாட்களில் நேரும் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. தாய்ப்பால் கிட்டாத குழந்தைகளுக்காக 1989இல் மும்பை சயான் மருத்துவமனை நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியது. கேரளத்தில் 2021இல் எர்ணாகுளம் பொது மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி அமைந்தது.

உயிர் பிழைத்த குழந்தையின் கண்ணும் செவியும் மூளை வளர்ச்சியும் தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டும். 2,000 கிராமுக்குக் குறைந்தோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பிறந்த 30 நாட்களுக்குள் ஆய்வது பார்வையிழப்பைத் தடுக்கும். இத்துறையில் திருவனந்தபுரம் நாட்டுக்கு வழிகாட்டியது. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987இல் டாக்டர் எம்.கே.சி. நாயர் முயற்சியால் உருவான குழந்தை வளர்ச்சி மையம், பிறப்பு முதல் இரண்டு வயது வரையிலான வளர்ச்சியை 17 எளிய சோதனைகளால் அறியும் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணையை வகுத்தது. 1991இல் வெளியான இவ்வட்டவணையைப் பயிற்சி பெற்ற களப்பணியாளரும் சில நிமிடங்களில் பயன்படுத்தலாம். குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து அன்றி, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டே மதிப்பிட வேண்டும். அந்த நாளை அறிவதற்கும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே குறித்துவைத்த கருவின் வயது வேண்டும்.

செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து நிர்வாகத்துக்குச் சில கடமைகள் புலனாகின்றன. முதலாவது, கருவின் வயதை முதல் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் அனைவரும் காணும்படி பதிதல். ஆஷா பணியாளரும் இளநிலைப் பொதுச் சுகாதாரச் செவிலியரும் இதனைத் தம் பணியின் முதற்படியாகக் கொள்ளலாம். மலைப்பகுதி, கடற்கரை மக்களுக்கு ஸ்கேன் வசதி எட்டும் தொலைவில் அமைய வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு குறைமாதப் பிறப்பையும் ஆராய்தல். கேரள மகப்பேற்று மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் தாய்மார் இறப்பை, தனியாரைச் சுட்டாமலும் குற்றம் சாட்டாமலும், மறைமுகமாக ஆராய்ந்து படிப்பினைகளை வெளியிட்டு வந்துள்ளது. அதே முறையில், ஒரு குறைமாதப் பிறப்பு தானாக நிகழ்ந்ததா, மருத்துவக் காரணத்தால் நிகழ்த்தப்பட்டதா, தவிர்த்திருக்கக் கூடியதா என்று வகைப்படுத்தினால், எந்த மாவட்டத்தில் எந்தத் தடுப்பு தேவை என்பது விளங்கும்.

மூன்றாவது, தாயின் ஓய்வுக்கு வகை செய்தல். 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அமைப்புசார் பணிகளிலுள்ள பெண்களுக்கு 26 வார மகப்பேற்று விடுப்பு அளித்தது. கயிறு திரிப்போருக்கும் மீன் விற்போருக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் இத்தகைய ஓய்வு எளிதில் வாய்ப்பதில்லை. அன்றாடக் கூலியை இழக்காமல் ஓய்வெடுக்க வழியில்லாத பெண்ணிடம் ஓய்வு கொள் என்று அறிவுரை கூறுவதால் மட்டும் பயன் விளையாது.

நீடித்த வளர்ச்சி இலக்குகளின்படி, 2030க்குள் பச்சிளங்குழந்தை இறப்பை 1,000 பிறப்புக்கு 12 என்னும் அளவுக்கேனும் குறைக்க வேண்டும். 2014இல் வகுக்கப்பட்ட நமது தேசியச் செயல்திட்டம் அதனை ஒற்றை இலக்கமாக்க உறுதி பூண்டது. தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளைப் பெருக்குவதால் இவ்விலக்கின் ஒரு பகுதியை எட்டலாம். எஞ்சிய பகுதி, கர்ப்பிணி முதன்முறையாகச் சுகாதார நிலையத்துக்கு வரும் நாளில், அவரது அட்டையில் சரியாக எழுதப்படும் ஒரு தேதியிலிருந்து தொடங்குகிறது.